முதல் ஈற்றில் போன மூன்று குட்டிகள்

என் பயமெல்லாம் பன்றி குட்டி போடும் அந்த ஒரு ராத்திரியைப் பற்றித்தான் இருந்தது. குட்டிகள் செத்தது அதற்கு அப்புறம்.

சினை பிடிப்பதில் சிரமம் இல்லை. 21 நாளுக்கு ஒரு முறை பருவம் வரும். முதல் பருவத்தை விட்டுவிட்டு, எட்டு மாதம் ஆனதும் ஆண் பன்றியோடு சேர்த்தேன். முதுகை அழுத்தினால் காதை விறைத்துக்கொண்டு அசையாமல் நின்றது, அதுதான் சேரத் தயார் என்பதற்கு அடையாளம். அன்று ஒரு முறை, மறுநாள் ஒரு முறை. மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று 114 நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

113ஆம் நாள் மாலை வைக்கோலைக் கவ்விக் கவ்வி ஒரு மூலையில் சேர்த்தது. காம்பைப் பிதுக்கினால் பால் வந்தது. ராத்திரி முதல் குட்டி விழுந்தது, பிறகு கால் மணிக்கு ஒன்றாக வந்தன. ஏழாவதுக்கு அப்புறம் முக்கால் மணி நேரம் எதுவும் வரவில்லை. மருத்துவரைக் கூப்பிடப் போனை எடுக்கும்போது எட்டாவது வந்தது. மொத்தம் பத்து. நஞ்சுக்கொடி விழுந்ததும் தூங்கப் போய்விட்டேன்.

காலையில் இரண்டு நசுங்கிக் கிடந்தன. அடுத்த நாள் இன்னொன்று. தாய் முரடு இல்லை. அவ்வளவு கனமான உடம்பு சுவரோரம் சாய்ந்து படுக்கும்போது, ஒன்றேகால் கிலோ குட்டிக்கு ஒதுங்க இடமில்லை. குளிருக்கு வேறு அது தாயின் வயிற்றையே ஒட்டிக் கிடந்தது. பிறந்த குட்டிக்கு 32 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். தாய்க்கோ 20 டிகிரியே போதும், அதிகமானால் இரைக்கும், தீவனம் இறங்காது. ஒரே கொட்டிலில் இரண்டு பேருக்கும் இரண்டு தட்பவெப்பம் வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அடுத்த ஈற்றுக்கு முன்பே சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்தும் ஒரு சாண் உயரத்தில் சுற்றிலும் இரும்புக் குழாய் பொருத்தினேன். தாய் நுழைய முடியாதபடி ஒரு மூலையை அடைத்து, விளக்கு தொங்கவிட்டேன். குட்டிகளைத் துடைத்து முதலில் சீம்பால் குடிக்க வைத்தேன், சிறியவற்றைப் பால் அதிகமுள்ள முன் காம்புகளில். பிறகு விளக்கடியில் விட்டேன். தாய் தீவனத்துக்கு எழும் நேரமெல்லாம் குட்டிகளை அங்கேயே அடைத்தேன். முதல் மூன்று நாள் கொட்டிலை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசி. தாய்ப்பாலில் அது போதாது, விட்டால் குட்டி வெளுத்துவிடும்.

அந்த முறை பதினொன்று. பிறக்கும்போதே நோஞ்சானாக இருந்த ஒன்று மட்டும் போனது. மற்ற பத்தும் இரண்டாம் நாளே பால் குடித்து முடித்ததும் தானாக விளக்கடிக்குப் போய், ஒன்றின் மேல் ஒன்று கிடந்து தூங்கின.