ஃபேன் வேகம் மட்டும் ஏன் காட்டவில்லை?

லினக்ஸில் சிபியு சூடு தெரிகிறது, ஃபேன் வேகம் மட்டும் வரவில்லையா? பெரும்பாலும் ஃபேனில் கோளாறு இருக்காது. சூட்டைச் சொல்வது சிபியுவுக்குள்ளேயே இருக்கும் சென்சார். இன்டெல்லுக்கு கோர்டெம்ப், ஏஎம்டி ரைசனுக்கு கே10டெம்ப் டிரைவர் போதும். ஃபேன் சுற்றை எண்ணுவது மதர்போர்டில் இருக்கும் வேறொரு சிப். அந்த சிப்பைச் செய்த கம்பெனி நுவோட்டான் என்றால் பொதுவாக என்சிடி6775, ஐடிஇ என்றால் ஐடி87 மாட்யூல் (கெர்னலில் ஏற்றும் டிரைவர்) ஏற வேண்டும்.

உபுண்டு, டெபியனில் எல்எம்-சென்சார்ஸ் பேக்கேஜைப் போட்டுவிட்டு, சூடோவோடு சென்சார்ஸ்-டிடெக்ட் ஓட்டுங்கள். கேள்விகளுக்கெல்லாம் என்டர் தட்டிக்கொண்டே போகலாம், கடைசிக் கேள்வியைத் தவிர. மாட்யூலை நிரந்தரமாகச் சேர்க்கவா என்று அது கேட்கும். என்டர் தட்டினால் 'நோ' என்றே எடுத்துக்கொள்ளும். பலர் சறுக்குவது இங்கேதான். 'எஸ்' (yes) என்று முழுதாக டைப் செய்து, ஒருமுறை ரீபூட் செய்யுங்கள்.

பிறகு சென்சார்ஸ் கட்டளையை ஓட்டினால் அளவுகள் வரும். ஆக்ஸ்டின் என்ற வரியில் 127 டிகிரி வந்தால் பதறாதீர்கள், அந்த முனையில் பெரும்பாலும் எதுவும் மாட்டியிருக்காது. (127 டிகிரி நிஜமென்றால் மெஷின் அதற்குள் அணைந்திருக்கும்!)

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் எச்டபிள்யுமான் எண்ணை (ஒவ்வொரு சென்சாரின் ஃபோல்டருக்கும் லினக்ஸ் தரும் எண்) நம்பாதீர்கள். இன்று 2 சிபியு, ரீபூட்டுக்குப் பின் அதே 2 எஸ்எஸ்டியாக இருக்கலாம். அந்த ஃபோல்டரில் உள்ள 'நேம்' ஃபைலைப் படித்து அடையாளம் காணுங்கள். சூடு ஆயிரத்தில் ஒரு டிகிரி கணக்கில் இருக்கும்: டெம்ப்1_இன்புட் ஃபைலில் 47000 என்றால் 47 டிகிரி.

எண் மாறினால், ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஃபேன்கண்ட்ரோலும் தொடங்க மறுக்கும். அதற்கான செட்டிங்கை எழுதித் தரும் பிடபிள்யுஎம்கான்ஃபிக்கை மறுபடி ஓட்ட வேண்டும். அது ஃபேன்களைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்க்கும், அதனால் வீடியோ ரெண்டர் ஓடும்போது வேண்டாம்.