பரணில் கிடந்த எவர்சில்வர்

மூன்று வருடத்துக்கு முன்னால் மதுரையில் எங்கள் தெருவில் ஒரு காதணி விழா. பந்தி முடிந்ததும் எச்சில் இலையை எல்லாம் முச்சந்தியில் கொட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில் வாசல் தெளிக்கப் போனால் ஒரு பசு அந்தக் குவியலைத் தின்றுகொண்டு நிற்கிறது. இலையோடு பாயசக் கப்பும் சேர்ந்தே வாய்க்குள் போனது. விரட்டினேன். மென்றுகொண்டே நகர்ந்து போனது. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"பேப்பர் கப்பு தானே, மக்கிப் போயிரும்" என்றுதான் முதலில் எல்லாரும் சொன்னார்கள். நான் ஒரு கப்பை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் காகிதம் கூழாகக் கழன்று வந்தது. உள்பக்கம் பூசியிருந்த பாலிதீன் மட்டும் பாம்புச் சட்டை மாதிரி முழுசாகக் கையில் மிஞ்சியது. அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நான் பேசியதை விட அந்தத் தோல்தான் அதிகம் பேசியது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 வகைப் பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு என்று சொன்னால், "அப்புறம் எப்படிக் கடையில விக்கிறான்?" என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கடையில் விற்பதை நிறுத்துவது நம் கையில் இல்லை. நம் வீட்டு விசேஷத்தில் என்ன வைக்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

சரி, கப்புக்குப் பதிலாகத் தெருவுக்கே பொதுவாகப் பாத்திரம் வைத்துக்கொள்ளலாம் என்றால், அதற்கு எங்கே போவது? எதிர்வீட்டு அப்பத்தாதான் வழி சொன்னார். "எதுக்குத்தா புதுசு வாங்குற? என் பரண்ல ரெண்டு சாக்கு கெடக்கு, ஏறி எடு."

ஏறி எடுத்தேன். கல்யாணத்துக்கு வந்தது, பால் காய்ச்சியபோது வந்தது, சீராக வந்தது என்று எல்லாம் எவர்சில்வர். பாதிக்கு மேல் அடுப்பில் ஏறியதே கிடையாது. ஒவ்வொன்றிலும் 'அன்பளிப்பு' என்று வெட்டி, கொடுத்தவர் பேரும் தேதியும் போட்டிருந்தது. ஒரு டம்ளரில் 1984 என்று இருந்தது. அதைக் கொடுத்தவர் இப்போது இல்லையாம். அப்பத்தா அதை மட்டும் முந்தானையில் துடைத்து உள்ளே எடுத்துவைத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் என் பக்கம் தள்ளினார்.

அந்த ஒரு பரணைப் பார்த்துத்தான் மற்ற வீடுகளும் பரண் ஏறின. 14 வீடுகள் கொடுத்தன. ஆனால் டம்ளர் எல்லாம் ஒவ்வொரு அளவு, ஒன்றுக்குள் ஒன்று அடங்காது. ஓரளவு ஒத்துப்போனதை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டோம். பழைய எவர்சில்வருக்குப் பித்தளை மாதிரி விலை கிடைக்காது. வீட்டுக்கு 300 ரூபாய் போட்டுச் சமாளித்தோம். கடைசியில் 150 டம்ளர், 100 சின்னக் கிண்ணம், 100 ஸ்பூன் சேர்ந்தன. கடைக்காரர் பேர் வெட்டுகிற மிஷினை வைத்து ஒவ்வொரு டம்ளரின் அடியிலும் ஒரு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சம் இல்லை.

முதலில் ஒரு வளைகாப்புக்குக் கொடுத்தோம், 120 பேர். சாப்பாடு நன்றாகவே நடந்தது. அப்புறம்தான் கஷ்டம். ராத்திரி பதினோரு மணி வரை நாங்கள் நாலு பேர் குத்தவைத்துக் கழுவினோம். ஹோஸ் பைப்பைத் திறந்து விட்டதில் அந்த வீட்டு மாடித் தொட்டி காலி. சித்திரை மாதம் வேறு, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற நேரம். மறுநாள் எண்ணினால் 13 ஸ்பூனையும் 9 டம்ளரையும் காணோம். ஸ்பூனெல்லாம் இலையோடு சுருட்டிப் போட்டதில் போயிருக்கிறது. அந்த வீட்டு மதினி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகமே சரியில்லை. அடுத்த இரண்டு விசேஷத்துக்கும் பேப்பர் கப்புதான்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பாத்திரம் வேண்டுமென்றால் வாடகைக் கடையில் என்றைக்குமே கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. யாரும் கேட்காததற்குக் காரணம், கழுவுகிற வேலை கடைசியில் அந்த வீட்டுப் பெண்கள் தலையில் வந்து விழும் என்பதுதான். விசேஷ வீட்டில் ஏற்கெனவே இடுப்பு ஒடிந்து கிடப்பவளிடம் போய் பூமியைக் காப்பாற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கழுவுவதற்கு ஒரு வழி செய்யாமல் பாத்திரத்தை மட்டும் கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

பக்கத்துத் தெருவில் விசேஷ வீடுகளுக்குப் பாத்திரம் கழுவப் போகிற இரண்டு அக்காக்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசினோம். பாத்திரத்துக்கு வாடகை கிடையாது, கழுவுகிற கூலி ஆளுக்கு 500 ரூபாயை விசேஷ வீட்டார் கொடுத்துவிட வேண்டும். கப்பும் தண்ணீர் பாட்டிலும் வாங்குகிற காசோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். கணக்கை எழுதிக் காட்டியதும் ஆண்களும் ஒத்துக்கொண்டார்கள்.

தண்ணீர் விஷயத்தில் அந்த அக்காக்கள்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். குழாயைத் திறக்கவே கூடாது. மூன்று பெரிய டப் வேண்டும். முதல் டப்பில் பொடி போட்டுத் தேய்ப்பது, இரண்டாவதில் அலசுவது, மூன்றாவதில் கொதிக்கிற வெந்நீரில் முக்கி எடுப்பது. மொத்தமே எட்டு குடம் தண்ணீரில் முடிந்துவிடுகிறது. அந்த வெந்நீர் டப்பை எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைக்கச் சொன்னதும் அவர்கள்தான். கொரோனாவுக்குப் பிறகு அடுத்தவர் வாய் வைத்த டம்ளர் என்றால் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆவி பறக்கிற தண்ணீரைப் பார்த்தால் அந்தத் தயக்கம் போய்விடும். கழுவியதை மொட்டை மாடியில் காயவைத்துப் பத்துப் பத்தாக அடுக்கிய பிறகுதான் சாக்கில் கட்ட வேண்டும். ஈரத்தோடு கட்டினால் வாடை வந்துவிடும்.

ஸ்பூன் தொலையாமல் இருக்க, இலை போடுகிற கூடைக்குப் பக்கத்தில் ஒரு பையனை நிற்க வைக்கிறோம். ஆயிரம் ரூபாய் முன்பணம் வாங்குகிறோம், தொலைந்த டம்ளருக்கு 40 ரூபாய் பிடித்துக்கொள்வோம். இப்போது இரண்டு மூன்றுக்கு மேல் தொலைவதில்லை.

ரொம்ப நாள் இழுத்தது தண்ணீர் பாட்டில்தான். இலைக்குப் பக்கத்தில் பாட்டில் வைக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். இதில் வாதாடிப் பயன் இல்லை. ஒரு கல்யாணத்தில் வீட்டுப் பிள்ளைகளே செம்பை எடுத்துக்கொண்டு பந்தியில் தண்ணீர் ஊற்றினார்கள். "தாத்தா, இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று பேத்தி குனிந்து கேட்டபோது அந்தப் பெரியவர் பூரித்துப் போனதை எல்லாரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் பாட்டில் பேச்சு குறைந்தது.

போன வருடம் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று எங்கள் நீர்மோர் பந்தலிலும் இந்த டம்ளர்களையே வைத்தோம். நின்று குடித்துவிட்டுப் போகிற கூட்டம், ஒன்றுகூட மிஞ்சாது என்று பயமுறுத்தினார்கள். அந்த இரண்டு அக்காக்களும் காலை முதல் மதியம் வரை டப்பை விட்டு எழுந்திருக்கவில்லை, அன்றைக்குக் கூலியும் வாங்க மறுத்துவிட்டார்கள். சாயங்காலம் எண்ணினோம். 139 இருந்தன.

ஐஸ்கிரீம் கப்புக்கு இன்னும் வழி தெரியவில்லை. குழந்தைகள் கேட்கிறார்கள், அது பிளாஸ்டிக் ஸ்பூனோடுதான் வருகிறது. வருகிற ஆவணியில் எங்கள் தெருவில் மூன்று முகூர்த்தம் இருக்கிறது. அதில் ஒரு வீட்டில் ஐஸ்கிரீமுக்குப் பதிலாகக் கிண்ணத்தில் பருத்திப்பால் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.