கிளாம்ப் போடும் முன் ஸ்கேன்: தியேட்டர் நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 3

இம்மாதக் குறிப்புகள் ரோபோ வழிப் பகுதிச் சிறுநீரக நீக்கம் பற்றியவை. சிறுநீரகத்தைக் காப்பாற்றி, கட்டியை மட்டும் சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல திசுவோடு எடுக்கும் அறுவை. கட்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் கேமராவே பாதி வேலையை முடித்துவிடும். முழுக்க உள்ளே புதைந்திருந்தால் மேலே வழவழப்பான சிறுநீரகம்தான் தெரியும். ரோபோவில் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. அல்ட்ராசவுண்ட் புரோப், அதாவது ஒலி அலையால் உள்ளே இருப்பதைத் திரையில் காட்டும் கருவி, அங்கேதான் தேவைப்படுகிறது.

சின்ன புரோப், 12 மி.மீ. உதவியாளர் போர்ட் (கருவி நுழைக்க வயிற்றில் போடும் குழாய்) வழியே இறங்கும். புரோப்பின் முதுகில் உள்ள மேட்டைத்தான் கிராஸ்பரால் (ரோபோவின் இடுக்கி) பிடிக்க வேண்டும். கேபிளைக் கவ்வி இழுத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் அறுந்து, படத்தில் கறுப்புப் பட்டை நிரந்தரமாகத் தங்கிவிடும். கேபிள் அந்த போர்ட்டை அடைத்துக்கொள்ளும் என்பதால், ரத்தத்தை உறிஞ்சும் சக்‌ஷனுக்கு வேறொரு 5 மி.மீ. போர்ட் முன்னதாகவே போட்டுவிடுவது நல்லது.

இறக்கும் முன் ஈரக் கையுறை விரலால் புரோப்பின் ஒரு முனையைத் தட்ட வேண்டும். திரையில் எந்தப் பக்கம் அசைகிறதோ அதுவே அந்த முனை. இதை விட்டால் உள்ளே போனபின் மேலா கீழா என்ற குழப்பத்தில் நேரம் போகும்.

2025 பிப்ரவரி 6

படம் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் வாயு மேல். வயிறு 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடால் உப்பியிருக்கிறது. புரோப்புக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே மயிரிழை வாயு இருந்தாலும் ஒலி அலை அங்கேயே திரும்பிவிடும். கெய்னை (படத்தின் வெளிச்ச அளவு) ஏற்றிப் பயனில்லை. சலைன் (உப்புநீர்) விட்டு மேற்பரப்பை நனைக்க வேண்டும். கவர் போட்ட புரோப் என்றால் உள்ளே ஜெல்லில் குமிழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்த சந்தேகம் கொழுப்பு. கட்டியைச் சுற்றிச் சிறுநீரகத்தின் மேற்பரப்பு தெரியும்வரை கொழுப்பை விலக்கினால்தான் படம் தெளியும். கட்டியின் தலைமேல் உள்ள கொழுப்பை மட்டும் விட்டுவிட வேண்டும். நோய் அதற்குள் பரவியிருக்கிறதா என்று நோயியல் மருத்துவர் பார்க்க அது வேண்டும்.

2025 பிப்ரவரி 12

எல்லை குறிப்பதுதான் இந்த வேலையின் உயிர். திரையில் ஆழம் 4–5 செ.மீ., ஃபோகஸ் கட்டியின் மட்டத்தில். முதலில் சிறுநீரகம் முழுவதையும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும், இரண்டாவது கட்டி ஏதும் ஒளிந்திருந்தால் தெரியும். பிறகு கட்டியை நெடுக்காகவும் குறுக்காகவும், இரண்டு தளத்திலும். ஒரே தளத்தில் பார்த்துக் குறித்தால் மற்ற திசையில் கத்தரி கட்டிக்குள் போய்விடும்.

திரையில் தெரியும் விளிம்பு சிறுநீரகத்தின் மேல் எங்கே விழுகிறது? இதற்கு ஒரு கைவேலை உண்டு. மூடிய கத்தரியின் நுனியைப் புரோப்புக்கும் சிறுநீரகத்துக்கும் இடையே மெல்லச் செருகினால், உலோகம் ஒலியை மறித்துப் படத்தில் ஒரு கறுப்பு நிழல் நேர்கீழே இறங்கும். நுனியை நகர்த்த நிழலும் நகரும். நிழல் கட்டியின் விளிம்பைத் தொட்டதும் நிறுத்தி, புரோப்பை விலக்கி, அங்கிருந்து சுமார் 5 மி.மீ. வெளியே காட்டரியால் (மின்சூட்டுக் கருவி) ஒரு புள்ளி. இப்படியே சுற்றிவர வேண்டும்.

புள்ளிதான், கோடு வேண்டாம். கருகிய இடத்தில் நீராவிக் குமிழிகள் தங்கி அடியில் நிழல் போடும். முழுக்கோடு இழுத்தபின் மறுபடி பார்க்க நினைத்தால் படம் கெட்டிருக்கும்.

விளிம்பைவிட ஆழம் முக்கியம். கட்டியின் அடி, சிறுநீர் சேரும் பகுதியிலிருந்து 4 மி.மீ.க்குள் இருந்தால் வெட்டும்போது அந்தப் பகுதி திறக்கும் என்றே எண்ணி, உள்தையலுக்கான நூலைத் தயாராக வைக்கச் சொல்லிவிடலாம்.

2025 பிப்ரவரி 14

சில கட்டிகள் சுற்றுத் திசுவின் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். கெய்னைக் குறைத்து, பக்கத்துக் கட்டமைப்பு எங்கே வளைகிறது, எங்கே தள்ளப்பட்டிருக்கிறது என்று தேட வேண்டும். கறுப்பாகத் தெரியும் பிரமிடுகளை (சிறுநீரகத்துக்குள் இயல்பாகவே உள்ள கூம்பு வடிவத் திசு) கட்டி என்று நம்பி ஏமாறவும் கூடாது; அவை ஒழுங்கான இடைவெளியில் வரும்.

2025 பிப்ரவரி 20

டாப்ளர், அதாவது ஓடும் ரத்தத்தை நிறமாகக் காட்டும் ஸ்கேன். வெட்டும்போது ரத்தம் கொட்டாதிருக்கச் சிறுநீரகத் தமனியில் புல்டாக் கிளாம்ப் (ரத்தநாளத்தை இறுக்கும் சின்னக் கவ்வி) போட்டபின் நிறம் மறைய வேண்டும். மறையாவிட்டால் இன்னொரு தமனி எங்கோ ஓடுகிறது. கூடுதல் தமனி அபூர்வமல்ல, சி.டி.யைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஆனால் நிறம் மறைந்ததும் உடனே நம்புவதும் தப்பு. கருவியில் டாப்ளரின் வேக அளவை அதிகமாக வைத்திருந்தால் மெதுவாக ஓடும் ரத்தம் திரையில் வராது. புரோப் ரத்தநாளத்துக்குச் செங்குத்தாக இருந்தாலும் அதே கதை. எனவே கிளாம்புக்கு முன்பே, ரத்த ஓட்டம் நன்றாகத் தெரியும்படி அமைப்பையும் சாய்வையும் சரிசெய்து, பிறகு எதையும் மாற்றாமல் ஒப்பிட வேண்டும்.

கிளாம்ப் விழுந்ததும் கடிகாரம் ஓடுகிறது. 25 நிமிடத்துக்குள் வெட்டி, தைத்து, விடுவிப்பதே வழக்கமான இலக்கு. அப்போது கட்டி எங்கே என்று தேடக்கூடாது. தேடல் எல்லாம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 21

கிளாம்பை எடுத்ததும், மிச்சமுள்ள சிறுநீரகத்தில் நிறம் திரும்புகிறதா என்று ஒரு பார்வை. வெட்டிய குழியில் ரத்தம் நிறுத்தும் செல்லுலோஸ் வலை வைத்திருந்தால், எந்த ரகம், எங்கே என்று அறுவைக் குறிப்பில் எழுதுங்கள். அது வாயுவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பின்னால் எடுக்கும் சி.டி.யில் சீழ்க்கட்டி போலவே தெரியும். குறிப்பில் இல்லையென்றால் படம் பார்க்கும் மருத்துவர் அப்படித்தான் ரிப்போர்ட் எழுதுவார்.