பிளேடு பிடித்த வானொலிக்காரர்

பள்ளி விடுதி மண்டபத்தில் இலங்கை வானொலி நாடகத்துக்குக் காத்திருந்த தலைமுறை நாம். அந்தக் காதுகளுக்குப் பழகிய கணீர்க் குரல் அமெரிக்க வானொலிக்காரர் ஐரா கிளாஸிடம் கிடையாது. கொஞ்சம் மூக்கால் பேசுவார், சொல்லும் தடுக்கும். நமது பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசுகூடக் கிடைத்திராது. ஆனாலும் இன்று ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற பல கதைப் பாட்காஸ்ட்களின் நடை இவரிடமிருந்து வந்ததுதான்.

1978இல், 19 வயதில், வாஷிங்டனிலுள்ள என்.பி.ஆர். பொது வானொலியில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பிறகு ஒலிநாடா வெட்டினார், செய்தி எழுதினார், தயாரிப்பாளரானார், நிருபரானார். இதற்கே 17 ஆண்டுகள் போயின. அவர் உருவானது வெட்டு மேசையில்தான் என்பேன்.

அந்த வேலை இப்படி: கால் அங்குல நாடா செக்கனுக்கு ஏழரை அங்குலம் ஓடும். சுருளைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, சொல் தொடங்கும் இடத்தைக் காதால் பிடித்து, மெழுகுப் பென்சிலால் குறிக்க வேண்டும். பள்ளமிட்ட கட்டையில் நாடாவைப் படுக்கவைத்துச் சவர பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்ட வேண்டும். நேராக வெட்டினால் இணைப்பில் 'டிக்' என்று கேட்கும். இரண்டு வசனங்களுக்கு நடுவிலுள்ள மூச்சையும் வெட்டிவிட்டால் பேசியவர் இயந்திரமாகிவிடுவார். இரண்டு மூச்சு மிஞ்சினால் இளைப்பு நோயாளி. வெட்டிய துண்டு திரும்பத் தேவைப்படும் என்று அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வேலை செய்தவர்களும் உண்டு.

1995 நவம்பர் 17 அன்று சிக்காகோவின் டபிள்யூ.பி.இ.இசட். நிலையத்தில் அவருடைய சொந்த நிகழ்ச்சி தொடங்கியது. அடுத்த மார்ச்சில் 'திஸ் அமெரிக்கன் லைஃப்' எனப் பெயர் மாறியது. கதை சொல்லும் முறை எளிது: நடந்ததை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போவது, ஓரிடத்தில் நின்று அதற்கு என்ன பொருள் என்று சொல்வது. முக்கிய வசனத்துக்குச் சற்று முன் பின்னணி இசை சட்டென்று நிற்கும். அந்த வெறுமையில் வசனம் தனியே விழும்.

சறுக்கலும் உண்டு. 2012இல் சீனாவில் ஆப்பிள் நிறுவனத்துக்குப் பொருள் செய்யும் தொழிற்சாலைகள் பற்றி ஒரு மேடைக் கலைஞர் சொன்னதை ஒலிபரப்பினார்கள். சீனாவில் தனக்கு உதவிய மொழிபெயர்ப்பாளரின் தொலைபேசி வேலை செய்வதில்லை என்று கலைஞர் சொன்னதை நம்பி, அந்த மொழிபெயர்ப்பாளரைத் தேடாமலே விட்டதுதான் பிழை. வேறொரு நிருபர் தேடிப் பிடித்தபோது கட்டுக்கதைகள் வெளிப்பட்டன. ஒலிபரப்பியதைத் திரும்பப் பெறுவதற்கே கிளாஸ் ஒரு முழு நிகழ்ச்சியையும் ஒதுக்கினார். அதை வேறெதற்கும் முன் கேளுங்கள்.

2014இல் இதே குழுவிலிருந்து 'சீரியல்' என்ற பாட்காஸ்ட் வந்தது. 2020இல் ஒலி இதழியலுக்கான முதல் புலிட்சர் விருதும், வேறு இரு நிருபர்களோடு சேர்த்து, 'திஸ் அமெரிக்கன் லைஃப்' குழுவுக்கே.

நமது ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் குரல்களைப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு: மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள், மூச்சுக் காற்று நேரே மோதாது. பேட்டி முடிந்ததும் ஒருவரும் பேசாமல், அறையின் மௌனத்தை ஒரு நிமிடம் பதியுங்கள். வெட்டிய இடங்களை மூட அதுதான் உதவும். மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்துங்கள். நிறுத்தியதும் உங்கள் கார் சாவியை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். வானொலிக்காரர்களின் பழைய தந்திரம் இது: பெட்டியைத் திரும்பப் போடாமல் வீட்டுக்குப் போக முடியாது.