வெயிலில் வெந்த பேனா

செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்கிவிட்டு ஸ்கூட்டர் இருக்கையைத் தூக்கியபோது, அடியில் கிடந்த, சர்க்கரை நோய்க்கு ஊசி போடும் இன்சுலின் பேனா, சூடான காப்பி டம்ளரைப் பிடித்தாற்போல் கையைச் சுட்டது.

காலையில் மருந்துக்கடையில் வாங்கிய கையோடு அப்பா அதை அங்கே வைத்து மறந்திருக்கிறார். இப்போது பகல் ஒன்றரை மணி, சித்திரை வெயில்.

"பார்க்க நல்லாத்தானேப்பா இருக்கு?" என்றார்.

சிக்கலே அதுதான். சூட்டில் வீரியம் இழந்த இன்சுலின் பல நேரம் நிறம் மாறாமல் தெளிவாகவே இருக்கும்; ஊசி போட்டும் சர்க்கரை இறங்காதபோதுதான் விஷயம் தெரியவரும். புதிய பேனாவை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கியது, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்கு மேல் போகாதவரை ஏறத்தாழ 28 நாள் தாங்கும். அதற்காக ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் அதுவும் குப்பைக்குத்தான்.

வேறொன்று வாங்கினோம். விலையைக் கேட்டு அப்பா முகம் சுருங்கியது வேறு கதை.

வீட்டில் மின்சாரம் போனால், ஒரு மண்சட்டிக்குள் இன்னொரு சட்டி, இடையில் ஈரமணல், மேலே நனைத்த துணி என்று அம்மா ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார். பானைத் தண்ணீரைக் குளிர்விக்கும் அதே ஆவியாதல்தான்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வியர்வை. சர்க்கரை தாழ்ந்து வியர்ப்பதும் வெயிலில் வியர்ப்பதும் ஒன்றுபோலவே தோன்றும். உடல் சூடானால் இன்சுலினும் வேகமாக ரத்தத்தில் கலக்கும். ஆகவே படபடப்பு என்றாலே குளுக்கோமீட்டரில் பார்க்கிறோம். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீர், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் சோதனை.

இன்று மாலை சர்க்கரை அளவு 132. பேனா இப்போது அம்மாவின் மஞ்சப்பையில் பயணிக்கிறது.