தீயைக் கேட்கும் மரங்கள்

ஓக் சவன்னாக்களை மீட்பது பற்றிய மாநாட்டில் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தேன், மனசு இன்னும் அங்கேயே நிற்கிறது.

அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு காலத்தில் 1 கோடி ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த நிலம் இது. தள்ளித்தள்ளி நிற்கும் ஓக் மரங்கள், அடியில் வெயில் விழும் இடமெல்லாம் புல்லும் பூவும். 1985-இல் நல்ல நிலையில் மிஞ்சியிருந்தது வெறும் 0.02 சதவீதம்.

உழவில் போனது போக மீதியைக் கெடுத்தது, தீயை நிறுத்தியதுதான். பூர்வகுடிகள் காலங்காலமாக அங்கே தீ வைத்துவந்தார்கள். அது நின்றதும் மேப்பிள் மரமும் பக்தார்ன் என்ற புதர்ச்செடியும் புகுந்து நிழல் கட்டிவிட்டன, அந்த நிழலில் ஓக் கன்று தேறாது, லூப்பின் செடியும் போய்விடும், அதன் இலையை மட்டுமே தின்னும் கார்னர் நீல வண்ணத்துப்பூச்சியின் புழுவும் கூடவே போகும்.

ஒருவர் பர் ஓக் என்ற ஓக் வகையின் பட்டைத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். தக்கை மாதிரி தடிமன், விரல் நுழையும் வெடிப்புகள், வெளிப்பக்கம் கரி. உள்பக்கம் சூடு பட்ட அடையாளமே இல்லை!

அப்புறம் பக்தார்ன். வெட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். வெட்டிய கட்டையில் உடனே களைக்கொல்லி மருந்து தடவாவிட்டால் மறுபடி புதராகத் துளிர்த்துவிடும். மரம் நடுவதைவிட இந்த வேலைக்குத்தான் ஆள் வேண்டும், அடுத்த வெட்டு நாளுக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.