நெஞ்சுப்பட்டையை வைத்து மூச்சை எண்ணுவது: மிதிக்கும்போதும் ஒத்து வந்துவிட்டது

சைக்கிளில் போகும்போது எவ்வளவு தூசி மூச்சோடு உள்ளே போகிறது என்று கணக்கிடப் பார்க்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் வடசேரியில் இருந்து பார்வதிபுரம், வில்லுக்குறி வழியாகத் தக்கலை வரை போய் எடுத்த பதிவு இது. மூக்குக்குக் கீழே ஒட்டியிருந்த தெர்மிஸ்டர் (மூச்சுக்காற்றின் சூட்டை உணரும் சின்ன சென்சார்) காட்டிய மூச்சும், நெஞ்சில் கட்டும் பட்டை பதியும் இசிஜியில் (இதயத்தின் மின் அலையில்) இருந்து நான் கணக்கிட்ட மூச்சும் வழியில் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்கின. மாசக்கணக்கில் மல்லுக்கட்டியது இதற்காகத்தான்.

தூசி சென்சார் காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே போனது எவ்வளவு என்பது மூச்சைப் பொறுத்தது. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். மேட்டில் மிதிப்பவருக்கு அது 40 லிட்டரையும் தாண்டும். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸில் போகிறவரும் சைக்கிளில் போகிறவரும் ஒரே புகையில் இருந்தாலும் இரண்டு பேர் நுரையீரலுக்கும் போவது ஒரே அளவு இல்லை.

இதயத்துடிப்பு கூடக்கூட மூச்சின் அளவும் கூடும் என்று ஒரு வளைகோடு போட்டுக் கணக்கிடுவதுதான் வழக்கமான வழி. நம்ம ஊர் புழுக்கத்தில் அந்தக் கணக்கு தவறிவிடுகிறது. வெயில் ஏறினால் அதே வேகத்தில் மிதித்தாலும் துடிப்பு ஏறும், மூச்சு அந்த அளவுக்கு ஏறாது. அதனால்தான் மூச்சையே நேராகப் பிடிக்கப் பார்த்தேன்.

உட்கார்ந்திருக்கும்போது இது சுலபம். மூச்சை இழுத்தால் துடிப்புகளுக்கு இடையிலான நேரம் குறையும், விட்டால் கூடும். இடைவெளிகளை வினாடிக்கு 4 புள்ளியாக மாற்றி, 0.15 முதல் 0.4 ஹெர்ட்ஸ் வரை (அதாவது நிமிடத்துக்கு 9 முதல் 24 மூச்சு வரை) வடிகட்டினால் மூச்சின் அலை தெரிந்துவிடும். மிதிக்க ஆரம்பித்ததும் இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி தளர்ந்து அந்த அலை சுருங்கிவிடுகிறது. மேட்டில் மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டுவதால் மேல் எல்லையையும் உயர்த்த வேண்டும். உயர்த்தினால் இரைச்சலும் கூடவே வரும்.

அப்புறம்தான் இசிஜியில் ஒவ்வொரு துடிப்புக்கும் மேலே எழும் ஆர் முனையின் உயரத்துக்கு வந்தேன். நெஞ்சு விரிந்து சுருங்கும்போது அந்த உயரமும் மாறும், மிதித்தாலும் அது காணாமல் போகாது. ஆனால் என் நெஞ்சுப்பட்டையான போலார் எச்10 வினாடிக்கு 130 புள்ளிகள்தான் தருகிறது. ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையில் 8 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஊசி மாதிரி இருக்கும் ஆர் முனை அந்த இடைவெளியில் விழுந்தால், உயரம் மூச்சோடு சம்பந்தமே இல்லாமல் எகிறும். எனக்கு வந்த பாதி இரைச்சல் இதுதான். முனையைச் சுற்றியுள்ள மூன்று புள்ளிகளில் ஒரு பரவளையம் (வில் போன்ற வளைகோடு) பொருத்தி உண்மையான உச்சியை எடுத்தேன். உயரத்தை அடிக்கோட்டில் (துடிப்புகளுக்கு இடையில் இசிஜி தங்கும் மட்டத்தில்) இருந்து அளக்காமல், ஆர் உச்சியில் இருந்து அடுத்து வரும் எஸ் என்ற பள்ளம் வரை அளந்தேன். வியர்வையாலும் பட்டை நகர்வதாலும் அடிக்கோடு அலைந்தாலும் இந்த அளவு அவ்வளவாகக் கெடுவதில்லை. இந்த இரண்டும் சேர்ந்ததும் படம் தெளிந்துவிட்டது. கிளம்புவதற்கு முன்னால் பட்டையின் ரப்பர் பகுதியை நன்றாக நனைத்துவிடுங்கள். காய்ந்த பட்டையில் முதல் சில நிமிடப் பதிவு எதற்கும் உதவாது.

தெர்மிஸ்டர் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. சின்னக் கண்ணாடி மணி வகையையே கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் ஒருவர் எனக்குத் தடித்த மணியை அனுப்பிவிட்டு, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று சாதித்தார். ஒன்றே இல்லை! தடித்தது சூடாறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும்.

கடலோரத்தில் தூசி சென்சாரோடு தனிச் சண்டை. குளச்சல், முட்டம் பக்கம் ஈரக்காற்றில் உப்புத்துகள்கள் ஊதிப் பெருகிவிட, லேசர் சென்சார் அதையும் தூசிக் கணக்கில் சேர்த்து பி.எம். 2.5ஐ (2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்தூசியின் அளவை) கூட்டிக் காட்டுகிறது. ஈரப்பதத்தையும் சேர்த்துப் பதிவு செய்யாமல் அந்த எண்களை நான் நம்புவதில்லை.

இப்போது கையில் இருப்பது மூச்சின் எண்ணிக்கை மட்டும்தான். உழைப்பு கூடும்போது முதலில் ஒவ்வொரு மூச்சும் ஆழமாகிறது, எண்ணிக்கை அப்புறம்தான் வேகமாக ஏறுகிறது. ஆகவே ஒவ்வொரு மூச்சின் அளவும் தெரியாமல் லிட்டர் கணக்கு வராது. விடும் காற்றை ஒரு பெரிய பையில் பிடித்து அளக்கும் டக்ளஸ் பை முறையைச் செய்து பார்க்கப் போகிறேன். தார்ப்பாய் தைக்கும் கடையில் காற்றுப் புகாத பை ஒன்று சொல்லியிருக்கிறேன், வால்வுதான் இன்னும் கிடைக்கவில்லை. கூட ஓட்டும் நண்பன், “ஆரல்வாய்மொழி எதிர்காத்துல ஓட்டிப் பாருடே மக்கா” என்கிறான். நல்ல யோசனைதான், அங்கே வேகம் குறைவாக இருக்கும்போதே மூச்சு உச்சத்துக்குப் போகும். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் புகைபோடும் இடங்களும் பட்டியலில் இருக்கின்றன. பை வந்ததும் முதலில் வீட்டில் உட்கார்ந்தபடி அளந்து, அதன் பிறகு மிதித்துப் பார்க்கிறேன்.